கொடுப்பவரே தலைவர்: ஷையான், அராப்பஹோ மக்களைப் பற்றி ஒரு தொடக்க அறிமுகம்

அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநில வரைபடத்தில் மேற்குப் பக்கமாகத் தேடினால் கஸ்டர் மாவட்டம் என்று ஒன்று கிடைக்கும். அதன் தலைநகரின் பெயர் அராப்பஹோ. அதை ஒட்டிய இன்னொரு மாவட்டத்தின் தலைநகர் ஷையான். 1868-ல் கஸ்டர் என்ற ராணுவ அதிகாரி விடியற்காலையில் ஷையான் மக்களின் முகாம் மேல் பாய்ந்து சுட்டுத் தள்ளிய இடம், அந்த ஷையான் ஊருக்குப் பக்கத்திலேயே வாஷிட்டா ஆற்றங்கரையில் இருக்கிறது. அடித்தவர் பெயரும் அடிபட்டவர் பெயரும் அங்கே ஒரே வழிகாட்டிப் பலகையில் நிற்கின்றன.

இந்த இரண்டு பெயர்களுக்கும் சொந்தக்காரர்கள் இன்றும் அந்த மண்ணில் வாழ்கிறார்கள். "ஷையான் அராப்பஹோ பழங்குடிகள்" என்பது அவர்களுடைய அரசின் பெயர். ஆமாம், அரசு. பழங்குடி என்றால் நம் மனதில் முதலில் வருவது ஒரு சமூகப் பிரிவு, ஒரு சான்றிதழ், ஓர் இட ஒதுக்கீட்டுப் பட்டியல். அமெரிக்காவில் அந்தச் சொல்லுக்குச் சட்டப்படி வேறு பொருள். 1832-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், பழங்குடிகள் தம்மைத் தாமே ஆளும் உரிமை கொண்ட தனித்த அரசியல் சமூகங்கள் என்று தீர்ப்பளித்தது. நடைமுறையில் அந்த உரிமையை எத்தனையோ விதமாக வெட்டிக் குறுக்கினார்கள். ஆனாலும் கொள்கை அளவில் அது இன்றும் உயிரோடு இருக்கிறது. அதனால் ஒரு ஷையான்காரர் தன் பழங்குடிக்கும் குடிமகன், ஓக்லஹோமாவுக்கும் குடிமகன், அமெரிக்காவுக்கும் குடிமகன்.

சரி, இவர்கள் யார்?

முதலில், இவர்கள் ஓர் இனம் அல்ல, இரண்டு. ஷையான் மக்கள் தங்களை ட்ஸிட்ஸிஸ்டாஸ் என்று சொல்லிக்கொள்கிறார்கள். அராப்பஹோ மக்கள் தங்களைச் சொல்லிக்கொள்வது ஹினோனோஎய் என்று. "ஷையான்" என்பது பக்கத்து இனமான டகோட்டா மக்கள் வைத்த பெயரிலிருந்து வந்தது. புரியாத பேச்சுப் பேசுகிறவர்கள் என்பதுபோல அதற்குப் பொருள் சொல்வார்கள். அடுத்த ஊர்க்காரன் வைத்த பட்டப்பெயரே கடைசியில் ஆவணத்தில் ஏறிவிட்டது.

இரண்டு மொழிகளும் அல்கோன்கிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆனால் ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரியாது. பல தலைமுறைகளாகப் பக்கத்துப் பக்கத்தில் முகாமிட்டு, பெண் கொடுத்துப் பெண் எடுத்து, ஒரே எதிரியோடு சண்டை போட்ட இந்த இரு மக்களும் தேவைப்பட்டபோது கைச்சைகையால் பேசிக்கொண்டார்கள். சமவெளி இனங்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான, முழுமையான ஒரு சைகை மொழியே அன்று புழக்கத்தில் இருந்தது.

குதிரையும் பைசன் (அமெரிக்கக் காட்டெருமை) வேட்டையும்தான் இவர்களுடைய அடையாளம் என்று படங்கள் நமக்குப் பழக்கிவிட்டன. அது பாதி உண்மை. ஷையான் மக்கள் அதற்கு முன் இன்றைய மின்னசோட்டா, வடக்கு டகோட்டா பகுதிகளில் மண்வீடு கட்டி, சோளம் விதைத்து வாழ்ந்த விவசாயிகள். 18-ஆம் நூற்றாண்டில் குதிரை கைக்கு வந்தது. பகை இனங்களின் நெருக்கடியும் சேர்ந்துகொள்ள, மெல்ல மேற்கே நகர்ந்து சமவெளிக்கு வந்தார்கள். ஊரை விட்டு ஊர் மாறும் கூடார வாழ்க்கை ஒருவகையில் அவர்களுக்குப் புது வாழ்க்கைதான்.

நாற்பத்து நான்கு பேர்

ஷையான் சமூகத்தைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு வாசல்தான் திறக்கலாம் என்றால் நான் இதைத் திறப்பேன்: நாற்பத்து நால்வர் அவை. இனத்துக்குள் இருந்த ஒவ்வொரு கூட்டத்திலிருந்தும் சிலராகச் சேர்த்து மொத்தம் 44 தலைவர்கள். பதவிக்காலம் பத்து வருடம். இந்த ஏற்பாட்டையும் நான்கு புனித அம்புகளையும் தங்களுக்குக் கொடுத்தவர் ஸ்வீட் மெடிசின் என்ற தீர்க்கதரிசி என்பது அவர்கள் நம்பிக்கை. அவர் அவற்றைப் பெற்ற மலை தெற்கு டகோட்டாவில் இருக்கும் பேர் பியூட். இன்றும் அங்கே போய் நோன்பிருந்து வேண்டிக்கொள்கிறார்கள். மலையேற்றத்துக்கு வரும் சுற்றுலாப் பயணிகள், மரங்களில் கட்டியிருக்கும் வேண்டுதல் துணிகளைத் தொடக்கூடாது.

இந்த 44 பேரும் "அமைதித் தலைவர்கள்". போர் அவர்கள் வேலை அல்ல. அதற்கு நாய் வீரர்கள், நரி வீரர்கள் போன்ற பெயர்களில் தனித்தனிப் படைச் சங்கங்கள் இருந்தன. படைச் சங்கத் தலைவர் ஒருவர் அமைதித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டால், போர்த் தலைமையைக் கைவிட வேண்டும்.

அப்புறம், தலைவருக்குப் போடப்பட்ட நிபந்தனைகள். யார் வந்து கேட்டாலும் இல்லை என்று சொல்லக்கூடாது. விதவைகள், அநாதைகள், குதிரை இல்லாதவர்கள் வீட்டில் அடுப்பெரிகிறதா என்று பார்க்க வேண்டியது அவர் பொறுப்பு. கோபம் வரக்கூடாது. தன் கண்முன்னால் தன் மகனையே கொன்றாலும் பழிக்குப் பழி வாங்காமல் புகைக்குழாயை எடுத்துப் புகைக்க வேண்டும் என்பது மரபு. மனைவி வேறொருவனோடு போய்விட்டால்கூட, "என் கூடார வாசலில் ஒரு நாய் வந்து காலைத் தூக்கியது, அவ்வளவுதான்" என்ற பாவனையில் விட்டுவிட வேண்டுமாம். (இதைப் படித்ததும் எனக்கு எழுந்த முதல் கேள்வி, இந்தப் பதவிக்கு யார்தான் சம்மதித்தார்கள் என்பது. மறுத்தவர்களும் இருந்திருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.)

ஆக, அங்கே தலைவர் என்பவர் சேர்த்து வைத்திருப்பவர் அல்ல. வருவதெல்லாம் வேறு கைக்குப் போய்விடும். கட்டளையிடும் அதிகாரமும் அவருக்குக் கிடையாது. அவை கூடிப் பேசும், எல்லோரும் ஒத்துப்போகும்வரை பேசும். தலைவர் எடுத்துச் சொல்லலாம், கெஞ்சலாம், தானே முன்னுதாரணமாக நடக்கலாம். கேட்காதவனைக் கட்டாயப்படுத்த முடியாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் ஒப்பந்தக் கதை முழுவதும் இதில்தான் சிக்கிக்கொள்கிறது.

கொலைக்கு அவர்கள் தந்த தண்டனையும் இதே மனப்போக்கில்தான் இருந்தது. ஒரு ஷையான் இன்னொரு ஷையானைக் கொன்றால் புனித அம்புகளில் ரத்தக்கறை தோன்றும், வேட்டை விலங்குகள் விலகிப்போகும், மொத்த இனத்துக்கும் கேடு வரும் என்று நம்பினார்கள். கொலையாளியைக் கொல்லவில்லை. சமூகத்தை விட்டு வெளியே அனுப்பினார்கள். பிறகு எல்லாக் கூட்டங்களும் ஓரிடத்தில் கூடி, அம்புகளைப் புதுப்பிக்கும் சடங்கை நடத்தும். அந்த நாட்களில் முகாமில் சத்தமே இருக்காது. சில வருடங்கள் கழித்து, செத்தவரின் குடும்பம் சம்மதித்தால் கொலையாளி திரும்பலாம். ஆனால் அவன் வாய் வைத்த பாத்திரத்தை வேறு யாரும் தொட மாட்டார்கள்.

அராப்பஹோ வழி வேறு. அங்கே வயதுதான் ஏணி. ஒரே வயதுப் பையன்கள் ஒரு குழுவாகச் சேர்ந்து, வருடங்கள் போகப் போக ஒவ்வொரு சங்கமாக ஏறிப் போவார்கள். பொடியன்களாக இருக்கும்போது நரிக் குட்டிகள், பிறகு நட்சத்திரங்கள், பிறகு கோடரிக்காரர்கள் என்று நீண்டு, கடைசியில் மிக முதிர்ந்த சில கிழவர்களிடம் போய் முடியும். வாழ்க்கையே நான்கு குன்றுகள் என்பது அவர்கள் சொல்வழக்கு. பிள்ளைப்பருவம், இளமை, நடுவயது, முதுமை. ஒவ்வொன்றாக ஏறி இறங்க வேண்டும். அவர்களுடைய மிகப் புனிதமான பொருள் தட்டைக்குழாய் என்ற புகைக்குழாய். அது இன்று வடக்கு அராப்பஹோ மக்களிடம், வயோமிங் மாநிலத்தில் இருக்கிறது.

சின்னம்மாவும் அம்மாதான்

உறவுமுறை விஷயத்தில் தமிழர்களுக்கு இவர்கள் ஓரளவு பழகியவர்களாகவே தெரிவார்கள். அம்மாவின் சகோதரியும் அம்மா. அப்பாவின் சகோதரனும் அப்பா. அம்மாவின் சகோதரனுக்கும் அப்பாவின் சகோதரிக்கும்தான் தனிச் சொல், நம் மாமா, அத்தை போல. ஆனால் அடுத்த தலைமுறையில் பாதை பிரிகிறது. மாமன் மகள், அத்தை மகன் என்ற முறையே அங்கே இல்லை. எல்லோரும் அண்ணன் தங்கை, அக்கா தம்பி. கட்டிக்கொள்ளும் பேச்சுக்கே இடமில்லை.

இந்த ஒப்புமையை முதலில் கவனித்தவன் நான் அல்ல. லூயிஸ் ஹென்றி மார்கன் என்ற அமெரிக்க வழக்கறிஞர், அமெரிக்கப் பூர்வகுடிகளின் உறவுப் பெயர்களைச் சேகரித்துக்கொண்டிருந்தபோது, ஆற்காட்டுப் பக்கம் இருந்த மிஷனரி ஒருவரிடம் தமிழ் உறவுப் பெயர்களைக் கேட்டு வாங்கினார். நியூயார்க் பகுதியின் செனகா மக்களுடைய முறையும் தமிழ் முறையும் பெரும்பாலும் ஒத்துப்போவதைக் கண்டு அசந்துபோனார். 1871-ல் வெளிவந்த அவருடைய பெரிய நூலின் மையமே இந்த ஒப்பீடுதான். இதிலிருந்து அமெரிக்கப் பூர்வகுடிகள் ஆசியாவிலிருந்து வந்தவர்கள் என்றே முடிவுகட்டினார். உறவுப் பெயர்கள் ஒத்துப்போவதை அப்படி ஒரு சான்றாக இன்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் மானிடவியலில் உறவுமுறை ஆய்வு என்ற துறையே அந்த நூலிலிருந்துதான் கிளம்பியது.

திரும்பி ஷையான் கூடாரத்துக்கு வருவோம். கல்யாணமானதும் மாப்பிள்ளைதான் பெரும்பாலும் பெண்வீட்டார் பக்கம் வந்து குடியேறுவார். டீப்பி எனப்படும் அந்தக் கூம்புக் கூடாரம் பெண்ணுக்குச் சொந்தம். தோலைப் பதப்படுத்துவது, தைப்பது, நிறுத்துவது, பிரித்து மூட்டை கட்டுவது எல்லாம் பெண்கள் கையில். முள்ளம்பன்றி முள்ளைச் சாயமேற்றித் தோலில் தைக்கும் வேலையைச் சும்மா யாரும் செய்துவிட முடியாது. அதற்கென்று பெண்கள் சங்கம் இருந்தது. முறைப்படி கற்றுக்கொடுத்தார்கள், முடித்த வேலைகளைச் சபையில் எண்ணிச் சொன்னார்கள். ஆண்கள் போரில் செய்த சாகசங்களை எண்ணிச் சொல்வதற்குச் சமமான மதிப்பு இதற்கும் இருந்தது.

மாப்பிள்ளை மாமியார் வீட்டுப் பக்கம் குடியிருக்கிறார், ஆனால் மாமியாரோடு பேசக்கூடாது! ஒருவரையொருவர் நேருக்கு நேர் பார்ப்பதையே தவிர்ப்பார்கள். மரியாதை என்பதன் உச்சம் அது. வளர்ந்த அண்ணன் தங்கையும் நேரடியாகப் பேச்சு வைத்துக்கொள்ள மாட்டார்கள். இதையெல்லாம் ஈடுகட்டுவதுபோல, மச்சான்மார்களும் மச்சினிகளும் ஒருவரையொருவர் எவ்வளவு வேண்டுமானாலும் கிண்டலடிக்கலாம். கோபித்துக்கொண்டால் அதுதான் மரியாதைக் குறைவு. நெருக்கமான வீடுகளில் யாரோடு அடக்கம், யாரோடு விளையாட்டு என்று முன்கூட்டியே வகுத்துவிட்டால் சண்டைக்கு வேலை குறையும். இதில் ஒரு நடைமுறை அறிவு இருப்பதாகவே எனக்குப் படுகிறது.

இந்தச் சமூகத்தில் பகை தீர்வதும் கொடுத்துத்தான். 1840-ல் ஷையான், அராப்பஹோ மக்களும் அவர்களுடைய பழைய எதிரிகளான கயோவா, கமான்ச்சி மக்களும் ஆர்கன்சா ஆற்றங்கரையில் சமாதானம் செய்துகொண்டார்கள். எதிர்ப்பக்கம் குதிரைகளை வாரிக் கொடுத்தது. இந்தப் பக்கம் துப்பாக்கி, கம்பளி, பாத்திரங்கள் கொடுத்தது. அந்த இடத்துக்கே "ஆற்றுக்குக் குறுக்கே பரிசு கொடுத்துக்கொண்ட இடம்" என்று பெயர் வைத்துவிட்டார்கள். எழுதி வைத்த ஒப்பந்தம் எதுவும் இல்லை. அந்தச் சமாதானம் அதன்பின் முறியவே இல்லை.

எழுதி வைத்த ஒப்பந்தங்கள்

எழுதி வைத்தவை என்ன ஆயின? 1851-ல் லாரமி கோட்டையில் அமெரிக்க அரசு சமவெளி இனங்களோடு ஓர் ஒப்பந்தம் போட்டது. வடக்கு பிளாட் ஆற்றுக்கும் ஆர்கன்சா ஆற்றுக்கும் இடைப்பட்ட பெரும் நிலப்பரப்பு ஷையான், அராப்பஹோ மக்களுடையது என்று அது ஒப்புக்கொண்டது. இன்றைய டென்வர் நகரம் அதற்குள்தான் இருக்கிறது. அங்கேயே 1858-ல் தங்கம் கிடைத்தது. அவ்வளவுதான், கூட்டம் கூட்டமாக வந்து இறங்கினார்கள்.

1861-ல் வைஸ் கோட்டை ஒப்பந்தம். ஷையான் தலைவர்கள் ஆறு பேர், அராப்பஹோ தலைவர்கள் நான்கு பேர், ஆகப் பத்துப் பேர் கையெழுத்துக்குப் பதிலாகக் குறியிட்டார்கள். பழைய நிலத்தில் பதின்மூன்றில் ஒரு பங்குகூட மிஞ்சவில்லை. இங்கேதான் நான் நினைவில் வைக்கச் சொன்னது வருகிறது. அமெரிக்க அதிகாரிகளைப் பொறுத்தவரை தலைவர் குறியிட்டால் இனமே குறியிட்டதாக அர்த்தம். ஷையான் மரபில் 44 பேரும் கூடிப் பேசி ஒத்துப்போகாமல் எதுவும் முடிவே இல்லை, முடிவான பிறகும் யாரையும் கட்டாயப்படுத்த வழியில்லை. நாய் வீரர்கள் அந்தத் தாளை ஏற்கவில்லை, தங்கள் வேட்டை நிலத்திலேயே இருந்தார்கள். உடனே "ஒப்பந்தத்தை மீறிய காட்டுமிராண்டிகள்" என்ற பட்டம். மொழிபெயர்ப்புச் சிக்கல் என்று சிலர் இதை மென்மையாகச் சொல்வதுண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. தலைவர் என்ற சொல்லுக்கு அங்கே என்ன பொருள் என்று தெரிந்துகொள்ளாமலிருப்பது வாங்குகிறவருக்கு வசதியாக இருந்தது.

லீன் பேர் என்ற அமைதித் தலைவர் 1863-ல் வாஷிங்டன் போய் லிங்கனைச் சந்தித்து, சமாதானப் பதக்கம் வாங்கி வந்தார். அடுத்த வருடம் மே மாதம் கொலராடோ படையினர் எதிரே வந்தபோது, அந்தப் பதக்கத்தை மார்பில் அணிந்துகொண்டு பேசுவதற்காக முன்னே போனார். சுட்டுக் கொன்றார்கள்.

அதே 1864-ல், நவம்பர் 29. கொலராடோவின் தென்கிழக்கில் சாண்ட் க்ரீக் என்ற ஓடைக்கரை. ராணுவத்தோடு பேசிவிட்டு, பாதுகாப்பு கிடைக்கும் என்ற நம்பிக்கையில் பிளாக் கெட்டில் என்ற ஷையான் தலைவரும் நிவாட் என்ற அராப்பஹோ தலைவரும் தங்கள் மக்களோடு முகாமிட்டிருந்தார்கள். கர்னல் சிவிங்டன் சுமார் 675 படைவீரர்களோடு விடியலில் வந்தார். பிளாக் கெட்டில் தன் கூடாரத்தின் மேல் அமெரிக்கக் கொடியையும் வெள்ளைக் கொடியையும் ஏற்றினார். பயனில்லை. ஏறத்தாழ 230 பேர் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், வயதானவர்கள். நிவாட்டும் அந்தத் தாக்குதலில் உயிரிழந்தார். ஒயிட் ஆன்டலோப் என்ற முதிய தலைவர் ஓடாமல் நின்று, மரணப் பாடலைப் பாடியபடியே விழுந்தார். சைலஸ் சோல் என்ற இளம் கேப்டன் தன் வீரர்களைச் சுடவிட மறுத்தார். பின்னர் விசாரணையில் சாட்சியும் சொன்னார். சில வாரங்களில் டென்வர் தெருவில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அமெரிக்க நாடாளுமன்றக் குழு சிவிங்டனைக் கடுமையாகக் கண்டித்து அறிக்கை கொடுத்தது. தண்டனை யாருக்கும் இல்லை.

செத்த தலைவர்களில் பலர் நாற்பத்து நால்வர் அவையைச் சேர்ந்தவர்கள், சமாதானம் பேசிக்கொண்டிருந்தவர்கள். இந்த விஷயத்தைப் பொதுவாக ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள். பேசித் தீர்க்கலாம் என்று சொன்னவர்களைக் கொன்ற பிறகு, இளைஞர்களைப் பிடித்து நிறுத்த யார் மிச்சம்? அதன்பிறகும் பிளாக் கெட்டில் மட்டும் விடவில்லை. 1865-லும் 1867-லும் மறுபடியும் ஒப்பந்தங்களுக்கு உட்கார்ந்தார். 1868 நவம்பர் 27 அன்று வாஷிட்டா கரையில், கஸ்டரின் ஏழாம் குதிரைப்படை அவரையும் அவர் மனைவியையும் கொன்றது.

1869-ல் ஜனாதிபதியின் உத்தரவுப்படி இன்றைய மேற்கு ஓக்லஹோமாவில் ஓர் ஒதுக்கிடம், அதாவது இவர்கள் வாழ்வதற்கென்று அரசு ஒதுக்கிய நிலம், பிறந்தது. தெற்கு ஷையானும் தெற்கு அராப்பஹோவும் அரசுக் காகிதத்தில் ஒரே பெயராக ஒட்டப்பட்டது இப்படித்தான். வடக்கில் இருந்தவர்கள் கதை தனி. வடக்கு ஷையான் மக்களையும் தெற்கே கொண்டுவந்து தள்ளியபோது, பசியும் காய்ச்சலும் தாங்காமல் 1878-ல் சுமார் 300 பேர் கால்நடையாகவும் குதிரையிலுமாக வடக்கே கிளம்பிவிட்டார்கள். வழியில் பலர் செத்தார்கள். மிஞ்சியவர்களுக்கு மோன்டானாவில் தனி இடம் கிடைத்தது. வடக்கு அராப்பஹோ வயோமிங்கில், தங்கள் பழைய எதிரிகளான ஷோஷோனி மக்களோடு ஒரே ஒதுக்கிடத்தில் இன்றுவரை இருக்கிறார்கள்.

நூற்றறுபது ஏக்கர்

துப்பாக்கி செய்ததைவிட அதிக வேலையைச் செய்தது நில அளவைச் சங்கிலி என்பேன். 1887-ல் வந்த ஒரு சட்டம், பழங்குடிகளின் பொது நிலத்தைத் தனித்தனி ஆட்களுக்குப் பிரித்துக் கொடுக்கச் சொன்னது. "தனக்கென்று சொத்து இருந்தால்தான் மனிதன் நாகரிகமடைவான்" என்பது அந்தச் சட்டத்தை ஆதரித்த சீர்திருத்தக்காரர்களின் வாதம். கேட்டவருக்கு இல்லையென்று சொல்லாத சமூகத்துக்கு இதைவிடப் பொருந்தாத மருந்து இருக்க முடியாது. ஷையான், அராப்பஹோ மக்கள் ஒவ்வொருவருக்கும் 160 ஏக்கர் என்று சுமார் 3,300 பங்குகள் பிரித்தார்கள். மீதி 35 லட்சம் ஏக்கருக்கு மேல் "உபரி". 1892 ஏப்ரல் 19 அன்று நண்பகலில் அதைத் திறந்துவிட்டார்கள். வண்டியிலும் குதிரையிலும் ஆயிரக்கணக்கான குடியேறிகள் ஓடி வந்து முளையடித்துக்கொண்டார்கள். ஒரே நாளில் தங்கள் நிலத்திலேயே ஷையான், அராப்பஹோ மக்கள் சிறுபான்மை ஆகிவிட்டார்கள்.

அந்த 160 ஏக்கராவது மிஞ்சியதா? பல பங்குகள் விற்றுப்போயின, பல ஏமாற்றிப் பிடுங்கப்பட்டன. மிஞ்சியவற்றில் ஒரு விசித்திரச் சிக்கல். நிலத்தைப் பிரிக்காமல் உரிமையை மட்டும் வாரிசுகளுக்குப் பிரிக்க வேண்டும் என்பது விதி. ஒருவருக்கு நான்கு பிள்ளைகள் என்று வையுங்கள். நான்கு பேரும் முழு நிலத்துக்கும் பங்காளிகள். அடுத்த தலைமுறையில் 16 பேர், அதற்கடுத்து 64 பேர். கையில் இருப்பதோ அதே ஒரு வயல். வீடு கட்டவோ குத்தகைக்கு விடவோ அத்தனை பங்காளிகளில் பெரும்பாலோர் சம்மதிக்க வேண்டும். நம் ஊரில் நான்கு பங்காளிகள் ஒரு கிணற்றுக்கு அடித்துக்கொள்வதைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். கடைசியில் பக்கத்துப் பண்ணைக்காரர் அதைக் குத்தகைக்கு எடுப்பார். உரிமையாளர் ஒவ்வொருவருக்கும் வருடத்துக்கு ஒரு சின்னக் காசோலை வரும்.

இதே காலத்தில்தான் உறைவிடப் பள்ளிகளும் வந்தன. பிள்ளைகளின் முடியை வெட்டி, பெயரை மாற்றி, தாய்மொழி பேசினால் தண்டித்தார்கள். ஓக்லஹோமாவில் இன்று ஷையான் மொழியைச் சரளமாகப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் முதியவர்கள். அங்கே அராப்பஹோ நிலைமை அதைவிட மோசம். வயோமிங்கில் 1990-களில் பிள்ளைகளுக்காக டிஸ்னி கார்ட்டூன் படம் ஒன்றை அராப்பஹோ மொழியில் டப்பிங் செய்து பார்த்தார்கள்.

ரேஷனில் கொடுத்த மைதாவும் கொழுப்பும் சமையலையும் மாற்றின. எண்ணெயில் பொரித்த தடித்த ரொட்டி, பூரிக்கு அண்ணன் மாதிரி இருக்கும், இன்று எல்லாப் பழங்குடி விழாக்களிலும் உண்டு. பஞ்சகாலத்தின் உணவு என்று சிலர் அதை வெறுக்கிறார்கள். பாட்டி கைமணம் என்று சிலர் உருகுகிறார்கள். இரண்டுமே உண்மைதான்.

இப்போது

தலைமையிடம் கான்ச்சோ என்ற சின்ன ஊர், ஓக்லஹோமா சிட்டிக்கு வடமேற்கே. ஷெல் என்ற அரசு ஏஜென்ட் ஒருவரின் பெயரை ஸ்பானிய மொழிக்கு மாற்றி அந்த ஊருக்கு வைத்தார்கள் என்பார்கள். பதிவு பெற்ற உறுப்பினர்கள் சுமார் 12,000 பேர். உறுப்பினராகக் குறைந்தது கால் பங்கு ஷையான் அல்லது அராப்பஹோ ரத்தம் இருக்க வேண்டும் என்பது விதி. மற்ற இனங்களில் கல்யாணம் செய்கிறவர்கள் பெருகப் பெருக, பேரப்பிள்ளைகள் பட்டியலுக்கு வெளியே நின்றுவிடுவார்கள். ரத்தத்தைப் பின்னமாகக் கணக்கிடுவது இவர்களுடைய பழைய வழக்கம் அல்ல. அரசு ஏஜென்ட்டுகளின் பதிவேட்டிலிருந்து ஒட்டிக்கொண்டது.

2006-ல் ஏற்ற அரசியல் சட்டத்தின்படி இவர்களுடைய அரசுக்கு நான்கு கிளைகள். சட்டமன்றம், ஆளுநர் தலைமையிலான நிர்வாகம், நீதித்துறை என்ற மூன்றும் எல்லா இடத்திலும் உள்ளவைதான். நான்காவது, பழங்குடிப் பேரவை. 18 வயது நிரம்பிய எல்லா உறுப்பினர்களும் அதில் அங்கம். சட்டமன்றத்தில் எட்டு இடங்கள்: நான்கு ஷையான் தொகுதிகள், நான்கு அராப்பஹோ தொகுதிகள். காகிதத்தில் ஒட்டப்பட்ட இரண்டு மக்களும், ஒட்டியபடியே தனித்தனியாக இருக்க இப்படி ஒரு வழி கண்டிருக்கிறார்கள். உட்சண்டை இல்லையா என்றால், நிறைய உண்டு. அதிகாரம் யார் கையில் என்று நீதிமன்றம்வரை போன காலமும் இருந்தது.

வருமானத்தில் பெரும்பகுதி கேசினோக்களிலிருந்து வருகிறது. தங்கள் உறுப்பினர்களின் வண்டிகளுக்குத் தாங்களே நம்பர் பிளேட் கொடுக்கிறார்கள். பள்ளிப் படிப்புக்கு உதவி, முதியோருக்குச் சாப்பாடு, வீட்டு வசதி என்று நம் பஞ்சாயத்தும் மாநில அரசும் சேர்ந்து செய்யும் வேலைகளை இந்தச் சின்ன அரசு செய்கிறது. ரீனோ கோட்டைக்காக 1880-களில் எடுத்துக்கொண்ட சுமார் 9,500 ஏக்கர் நிலத்தையும் விடாமல் திரும்பக் கேட்டு வருகிறார்கள். கோட்டையின் தேவை எப்போதோ முடிந்துவிட்டது. இன்று அங்கே மத்திய அரசின் வேளாண் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது.

அரசியல் சட்டம் ஒருபக்கம் இருக்க, அமைதித் தலைவர்கள் இன்றும் இருக்கிறார்கள். தேர்தலில் நிற்பவர்கள் அல்ல. துக்கவீட்டிலும் விழாவிலும் முன்னே நிற்பவர்கள். கொடுக்கும் வழக்கமும் போகவில்லை. மகள் பட்டம் பெற்றாலோ மகன் ராணுவத்திலிருந்து திரும்பினாலோ குடும்பம் ஒரு விழா எடுக்கும். மொய் வைப்பதைத் தலைகீழாக்கினால் எப்படி இருக்கும்? அதுதான். வந்தவர்கள் கொடுப்பதில்லை. விழா எடுத்தவர்கள் போர்வை, சால்வை, மளிகைக் கூடை என்று வந்தவர்களுக்கு அடுக்கடுக்காகக் கொடுக்கிறார்கள். மாதக்கணக்கில் சேர்த்து வைத்ததை ஒரே சாயங்காலத்தில் காலி செய்துவிடுவார்கள்.

2021-ல் டென்வர் மாநகராட்சி, தன் பூங்காக்களில் வளர்க்கும் பைசன் மந்தையில் மிகுதியாக இருந்தவற்றை ஏலம் விடுவதை நிறுத்தி, 13 பைசன்களை ஓக்லஹோமாவில் இவர்களுக்கு அனுப்பி வைத்தது. சாண்ட் க்ரீக்கிலிருந்து திரும்பிய படை வெற்றி ஊர்வலம் போன நகரம் அது. கொலராடோவில், அந்தக் காலத்து ஆளுநர் எவன்ஸின் பெயரைத் தாங்கியிருந்த உயரமான மலைக்கு 2023-ல் 'நீலவானம்' என்று பெயர் மாறியது. அராப்பஹோ மக்களை 'நீலவான மக்கள்' என்று சொல்வதுண்டு.

கடைசியாக ஒரு சம்பவம். 1968 நவம்பர், வாஷிட்டா தாக்குதலின் நூறாவது வருடம். முதலில் சொன்ன அந்த ஷையான் ஊரில், நடந்ததை நாடகமாக நடித்துக் காட்ட ஏற்பாடு. ஷையான் குடும்பங்கள் டீப்பிகள் அமைத்து, பிள்ளைகளோடு நடிக்க வந்தன. லாரன்ஸ் ஹார்ட்டும் அவர்களில் ஒருவர். போர் விமானம் ஓட்டிப் பயிற்சி பெற்றவர், மென்னோனைட் கிறிஸ்தவப் போதகர், அப்போது இளம் அமைதித் தலைவர். அவர்களுக்குச் சொல்லாமலே இன்னொரு குழுவும் வந்திருந்தது. ஏழாம் குதிரைப்படையின் பேரன்கள் என்று சொல்லிக்கொண்டு, அசல் சீருடையில், கஸ்டரின் படைப்பாட்டு ஒலிக்க, வெற்றுத் தோட்டாக்களைச் சுட்டபடி டீப்பிகளை நோக்கிக் குதிரையில் பாய்ந்தார்கள். உள்ளே ஹார்ட்டின் பிள்ளைகள் இருந்தார்கள். வெறுப்பு பொங்கியது என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார்.

அன்றே, 1868-ல் செத்த ஒரு குழந்தையின் எலும்புகளை முறைப்படி அடக்கம் செய்ய வேண்டியிருந்தது. சிறிய பெட்டியைச் சுமந்துபோன வழியில் ஒரு ஷையான் பெண் தன் அழகான கம்பளிப் போர்வையை அதன்மேல் போர்த்தினார். மரபுப்படி அந்தப் போர்வையை யாருக்காவது கொடுக்க வேண்டும். வந்திருந்த விருந்தினர்களில் மாநிலப் பிரமுகர்களும் இருந்தார்கள். முதிய தலைவர்கள் கலந்து பேசி ஹார்ட்டைக் கூப்பிட்டு, அந்தச் சீருடைக் குழுவின் கேப்டனுக்குக் கொடு என்றார்கள். ஹார்ட் அவரை அழைத்து, திரும்பி நிற்கச் சொல்லி, நடுங்கும் கையோடு தோளில் போர்த்திவிட்டார். கூட்டம் அழுதது. பிறகு அந்தக் கேப்டன் தன் சீருடையிலிருந்த அந்தப் படைப்பாட்டின் பெயர் பொறித்த சின்னத்தைக் கழற்றி ஹார்ட்டிடம் கொடுத்து, இனி உங்கள் மக்கள் அந்தப் பாட்டைக் கேட்க வேண்டியிருக்காது என்றார்.